சடாயு வதம் (ஓவியம்)

சடாயு வதம் என்பது இராசா இரவி வர்மா வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். சீதையைக் கவர்ந்து செல்லும் இராவணன், தன்னைத் தடுத்துப் போரிட்ட கழுகரசன் சடாயுவின் சிறகை வாளால் வெட்டி வீழ்த்தும் காட்சி இதில் சித்தரிக்கப்பட்டுள்ளது. மைசூர் அரசர் நான்காம் கிருட்டிணராச உடையாருக்காக இரவி வர்மா தன் இறுதி ஆண்டுகளில் வரைந்த புராண ஓவியத் தொகுதியைச் சேர்ந்தது இது. 1906 ஆம் ஆண்டைச் சேர்ந்த இவ்வோவியம் மைசூர் சகன்மோகன் அரண்மனையில் உள்ள சிறீ செயசாமராசேந்திர ஓவியக் கூடத்தில் உள்ளது. இரவி வர்மா இதே காட்சியை இதற்கு முன்பும் கையாண்டுள்ளார். இவரது அச்சகத்தின் வண்ண அச்சுப்படமாகவும் இக்காட்சி வெளிவந்தது.

ஓவியர்: இராசா இரவி வர்மா (1848–1906)
ஆண்டு: 1906
ஊடகம்: துணித்திரையில் எண்ணெய் வண்ணம்
கருப்பொருள்: இராமாயணம், ஆரணிய காண்டம்
இடம்: சகன்மோகன் அரண்மனை, மைசூர், கருநாடகம்

கதைப் பின்னணி

சடாயு அருணனின் மகன், சம்பாதியின் தம்பி, தயரதனின் நண்பன். வனவாசத்தின்போது பஞ்சவடிக்குச் செல்லும் வழியில் இராமன், இலக்குவன், சீதை ஆகியோரைச் சந்தித்து, அவர்களுக்குக் காவலாக இருப்பதாக வாக்களித்தவன். மாரீசன் பொன்மானாக வந்து இராம இலக்குவரைத் தொலைவுக்கு ஈர்த்தபின், இராவணன் துறவி வேடத்தில் வந்து சீதையைக் கவர்ந்து சென்றான். சீதையின் அழுகுரலைக் கேட்ட சடாயு முதலில் அறவுரை கூறினான். இராவணன் கேளாததால் போர் மூண்டது. முதுமையிலும் சடாயு இராவணனின் வில்லை முறித்துத் தேரை அழித்தான். முடிவில் இராவணன் வாளை எடுத்துச் சடாயுவை வீழ்த்தினான். சீதையைத் தேடி வந்த இராமனிடம் நடந்ததைக் கூறிவிட்டுச் சடாயு உயிர் நீத்தான். இராமன் ஒரு மகன் தந்தைக்குச் செய்வது போல அவனுக்கு ஈமக்கடன் செய்தான்.

இக்கதை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியது. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியும் கும்பகோணத்தை அடுத்த திருப்புள்ளபூதங்குடியும் சடாயுவின் ஈமக்கடனோடு தொடர்புபடுத்தப்படும் வைணவத் திருத்தலங்கள் ஆகும். புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீசுவரன் கோயிலில் சடாயு குண்டம் உள்ளது. அப்பெயரில் உள்ள ‘புள்’ சடாயுவைக் குறிப்பதாகக் கொள்வர். இராவணன் சீதையைக் கவர்ந்து சென்றபோது விழுந்த அணிகலன்களைக் குரங்குகள் எடுத்து அணிந்துகொண்ட செய்தி புறநானூற்றின் 378 ஆம் பாடலிலேயே உவமையாக வருகிறது.

ஓவியத்தின் அமைப்பு

காட்சி முழுவதும் வானத்தில் நிகழ்கிறது. இராவணன் ஒரு கையால் சீதையை அணைத்துப் பிடித்தவாறு மறு கையில் வாளை ஓங்கியுள்ளான். சடாயுவின் சிறகு வெட்டுண்டு உடலிலிருந்து பிரிந்து விழுகிறது. சீதை நடப்பதைக் காணப் பொறாது கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். மூன்று உருவங்களும் ஒன்றோடொன்று பின்னி ஒரே சுழற்சியில் அமைந்துள்ளன. பார்ப்பவரின் கண் வாளில் தொடங்கி, வெட்டுண்ட சிறகுக்குச் சென்று, சீதையின் மறைத்த முகத்தில் வந்து நிற்கிறது.

இராவணன் இங்குப் பத்துத் தலைகளோடு காட்டப்படவில்லை. முடியும் அணிகலன்களும் பூண்ட, ஒரு தலையும் இரு கைகளும் கொண்ட வலிமை மிக்க மனிதனாகவே உள்ளான். தேரும் இல்லை. இவ்விரண்டையும் நீக்கியதால் காட்சி மனித அளவுக்கு இறங்கி வருகிறது. தெய்வங்களையும் அரக்கர்களையும் எலும்பும் தசையும் கொண்ட மனிதராகக் காட்டுவது இரவி வர்மாவின் பொதுவான முறை ஆகும். சடாயுவும் மனித உடலும் கழுகின் முகமும் கொண்ட கலப்பு வடிவில் இல்லாமல், இயற்கையான பெரும் பறவையாகவே வரையப்பட்டுள்ளான்.

வான்மீகியும் கம்பரும்

இவ்வோவியம் எந்த இராமாயணத்தைப் பின்பற்றுகிறது என்பது தமிழ் வாசகர்களுக்குக் குறிப்பாக ஆர்வமூட்டும் கேள்வி ஆகும்.

கம்பராமாயணத்தில் இராவணன் சீதையைத் தீண்டுவதில்லை. விரும்பாத பெண்ணைத் தீண்டினால் அழிவான் என்ற சாபத்திற்கு அஞ்சி, பர்ணசாலையை அது நின்ற நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்கிறான். சடாயுவுடனான போர் ஆரணிய காண்டத்தின் சடாயு உயிர் நீத்த படலத்தில் விரிவாகக் கூறப்படுகிறது. சிவனிடம் பெற்ற சந்திரகாசம் என்னும் வாளால் இராவணன் சடாயுவை வீழ்த்துகிறான்.

வான்மீகியின் நூலில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். எனவே ஓவியம் வான்மீகியின் வழியைச் சார்ந்தது என்பது தெளிவு. ஆயினும் வான்மீகியையும் அது வரிக்கு வரி பின்பற்றவில்லை. வான்மீகியின் போர் பல கட்டங்களாக நடக்கிறது:

1. சடாயு தேரையும் அதில் பூட்டிய விலங்குகளையும் அழிக்க, இராவணன் சீதையோடு தரையில் விழுகிறான்.
2. சீதையை இடப்பக்கத்தில் அணைத்தபடி மீண்டும் எழுந்து சடாயுவைத் தாக்குகிறான். சடாயு அவனது பத்து இடக்கைகளையும் அலகால் கொத்தி எடுக்க, அவை மீண்டும் முளைக்கின்றன.
3. சினங்கொண்ட இராவணன் சீதையை விட்டுவிட்டு, கைமுட்டியாலும் காலாலும் சடாயுவை மோதுகிறான்.
4. அதன்பின் வாளை உருவிச் சடாயுவின் சிறகுகளையும் கால்களையும் விலாவையும் வெட்டுகிறான்.
5. வீழ்ந்த சடாயுவைச் சீதை ஓடிச்சென்று தழுவி அழுகிறாள். இராவணன் மீண்டும் அவளைப் பற்றிச் செல்கிறான்.

இரண்டாவது கட்டத்தில் உள்ள அணைப்பையும் நான்காவது கட்டத்தில் உள்ள வாள்வீச்சையும் ஓவியர் ஒரே கணத்தில் இணைத்துள்ளார். நூலில் சிறகு வெட்டப்படும்போது சீதை இராவணனின் பிடியில் இல்லை. ஓவியத்தில் அவள் பிடியிலேயே இருக்கிறாள். இதனால் அவளுக்கு ஓடிச்சென்று தழுவும் வாய்ப்பும் இல்லை, விலகிப் போகும் வழியும் இல்லை. முகத்தை மூடிக்கொள்வது ஒன்றே அவளால் செய்யக்கூடியதாக எஞ்சுகிறது. காவியம் காலத்தில் விரிப்பதை ஓவியம் ஒரே சட்டத்துக்குள் சுருக்க வேண்டியுள்ளது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

பரோக்கு ஓவியங்களுடன் ஒப்பீடு

ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலைப்பாணி பரோக்கு எனப்படுகிறது. நிகழ்வின் உச்சக் கணத்தைத் தேர்ந்தெடுத்தல், மூலைவிட்டமாகச் சாய்ந்த அமைப்பு, முறுக்கிய உடல்கள், ஒளிக்கும் இருளுக்கும் இடையே கூர்மையான வேறுபாடு ஆகியன இதன் இயல்புகள். கிரேக்க, உரோமத் தொன்மங்கள் இப்பாணி ஓவியர்களுக்கு விருப்பமான கருப்பொருள்களாக இருந்தன.

இரவி வர்மா வாழ்ந்தது பரோக்கு காலத்துக்கு மிகவும் பிற்பட்டது. அவர் 19 ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கல்விக்கூடப் பாணியைப் பின்பற்றியவர். அவரது பெரும்பாலான ஓவியங்கள் அமைதியானவை. நின்று நோக்கும் பெண்களையும் உரையாடும் இணைகளையும் காட்டுபவை. ‘சடாயு வதம்’ அவற்றிலிருந்து வேறுபட்டு, பரோக்கு ஓவியங்களை நினைவூட்டும் வேகத்தைக் கொண்டுள்ளது.

பிளாண்டர்சு நாட்டு ஓவியர் பீட்டர் பால் ரூபன்சு (1577–1640) வரைந்த ‘கட்டுண்ட புரோமித்தியசு’ இதனுடன் ஒப்பிடத்தக்கது. அது 1611–1612 இல் தொடங்கப்பட்டு 1618 க்குள் நிறைவுற்றது. அதில் உள்ள கழுகைப் பிரான்சு சினைடர்சு என்ற மற்றோர் ஓவியர் வரைந்தார். மானிடருக்காக நெருப்பைக் கொணர்ந்த புரோமித்தியசின் ஈரலை, சீயசு கடவுளின் ஆணைப்படி கழுகு கொத்துகிறது. பெரும் பறவையும் மனித உடலும் மோதும் அமைப்பு இரண்டு ஓவியங்களுக்கும் பொதுவானது. ஆனால் அறத்தின் இடம் மாறியுள்ளது. ரூபன்சின் ஓவியத்தில் பறவை தண்டனையின் கருவி. இரவி வர்மாவின் ஓவியத்தில் பறவையே அறத்தின் பக்கம் நின்று வீழ்கிறது.

பெண்கள் கவர்ந்து செல்லப்படும் காட்சிக்கு ரூபன்சு ஏறத்தாழ 1618 இல் வரைந்த ‘லியூசிப்பசின் மகள்கள் கவரப்படுதல்’ எடுத்துக்காட்டாகும். அது மியூனிக் நகரின் பழைய ஓவியக் கூடத்தில் உள்ளது. இத்தகைய ஓவியங்களுள் பல, கவர்தலை வீரச்செயலாகக் காட்டுகின்றன. ‘சடாயு வதம்’ அவ்வாறு காட்டவில்லை. தடுப்பவனின் தோல்வியும் பெண்ணின் துயரமுமே இங்கு மையம்.

ரூபன்சு ஐரோப்பாவில் இவ்வோவியங்களை வரைந்த காலத்தை ஒட்டியே மதுரையில் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) ஆண்டார். திண்டுக்கல் சமவெளியும் அவரது ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலத் தமிழக ஓவியம் வேறு வழியில் சென்றது. நாயக்கர் காலச் சுவரோவியங்களிலும் அம்மரபின் தொடர்ச்சியான அழகர் கோயில் வசந்த மண்டப இராமாயண ஓவியங்களிலும், கதை பட்டை பட்டையாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளது. ஒரே பாத்திரம் அடுத்தடுத்த கட்டங்களில் மீண்டும் மீண்டும் தோன்றும். பார்ப்பவர் நடந்துகொண்டே கதையைப் ‘படிக்கிறார்’. இரவி வர்மாவின் முறையில் பார்ப்பவர் ஒரே இடத்தில் நின்று ஒரே கணத்தைக் காண்கிறார். நாடகக் கொட்டகையில் அமர்ந்திருப்பவரின் நிலை அது.

எண்ணெய் வண்ணமும் மதுரை ஓவியர்களும்

தமிழகச் சுவரோவியங்கள் சுண்ணச் சாந்தின் மீது வரையப்பட்டவை. தஞ்சாவூர் ஓவியங்கள் பலகையில் ஒட்டிய துணியின் மீது, பொன் தகடும் கற்களும் பதித்துச் செய்யப்படுபவை. இவற்றில் வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தில் நிறப்பொடி ஆளிவிதை எண்ணெயில் குழைக்கப்படுகிறது. அது மெதுவாக உலர்வதால் ஒரு நிறத்தை மற்றொன்றோடு ஈரமாகவே கலக்கலாம். மெல்லிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, தோலின் மினுமினுப்பையும் பட்டின் மடிப்பையும் இறகின் மென்மையையும் காட்டலாம்.

இந்நுட்பம் ஐரோப்பிய ஓவியர்கள் வழியாகத் தென்னிந்தியாவுக்கு வந்தது. 1769 இல் சென்னைக்கு வந்த ஆங்கிலேய ஓவியர் டில்லி கெட்டில் அவர்களுள் ஒருவர். பின்னர் அரசவைகளைச் சார்ந்த உள்நாட்டு ஓவியர்களும் இதைக் கற்றனர். சுவாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூர் அரசவையில் புகழ்பெற்றிருந்த அழகிரி நாயுடு மதுரையைச் சேர்ந்தவர். இரவி வர்மாவின் மாமனும் முதல் ஆசிரியருமான இராசராச வர்மா இவரிடம் பயின்றவர்.

இளம் இரவி வர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது அங்கு எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்தவராக இருந்தவர் மதுரை மரபைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர். அவர் தன் நுட்பத்தைக் கற்றுத்தர மறுத்துவிட்டார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து கற்றுத்தந்தார் என்றும் இரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868 இல் அரண்மனைக்கு வந்த தியோடர் சென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் முறையாகக் கற்பிக்கவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் இசைந்தார். ஆகவே இரவி வர்மாவின் எண்ணெய் வண்ணத் திறன் பெரும்பாலும் பார்த்தும், முயன்றும், ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைக் கூர்ந்து நோக்கியும் பெறப்பட்டது ஆகும்.

வரையப்பட்ட சூழல்

சென்னையில் 1870களில் நடந்த ஓவியக் கண்காட்சிகளில் தங்கப் பதக்கங்கள் பெற்று இரவி வர்மா புகழடைந்தார். 1888 இல் பரோடா அரசர் மூன்றாம் சாயாசிராவ் பதினான்கு புராண ஓவியங்களை வரையும் பணியை இவரிடம் ஒப்படைத்தார். இதற்காக இவர் தம்பி சி. இராசராச வர்மாவுடன் வடஇந்தியா முழுவதும் பயணம் செய்து உடை, அணிகலன், கட்டடம் ஆகியவற்றைக் கவனித்தார். மைசூர்த் தொகுதி இவ்வரிசையில் இறுதியானது.

இராசராச வர்மா (1860–1905) தாமும் சிறந்த ஓவியர். இயற்கைக் காட்சிகளில் வல்லவர். அண்ணனின் பல ஓவியங்களில் பின்னணியை அவரே வரைந்தார். இருவரின் பயணங்களையும் பணிகளையும் நாட்குறிப்பாக எழுதியவரும் அவரே. மைசூர்ப் பணி நடந்த காலத்தில், 1905 சனவரியில் அவர் இறந்தார். பல ஆண்டுகள் தன்னுடன் இணைந்து உழைத்த தம்பியை இழந்த நிலையில், நீரிழிவால் நலிவுற்றிருந்த இரவி வர்மா எஞ்சிய ஓவியங்களை முடித்தார். 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் காலமானார். ‘சடாயு வதம்’ இவ்வாறு அவரது கடைசிப் படைப்புகளுள் ஒன்றாகிறது.

கிளிமானூருக்கு அருகில் உள்ள சடயமங்கலத்தின் பாறையே சடாயு வீழ்ந்த இடம் என்பது கேரள மரபு. சடாயுப்பாறை என்றே அது அழைக்கப்படுகிறது. அப்பாறையின் மீது இராசீவ் அஞ்சல் வடிவமைத்த, 200 அடி நீளமுள்ள சடாயுச் சிற்பம் 2018 இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அச்சிற்பத்திலும் சடாயு ஒற்றைச் சிறகோடு கிடக்கிறான்.

அச்சுப்படங்கள்

1894 இல் இரவி வர்மா மும்பையில் ஒரு வண்ண அச்சகத்தை நிறுவினார். அது பின்னர் லோனாவ்லாவுக்கு அருகில் உள்ள மலவ்லிக்கு மாற்றப்பட்டது. அச்சகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த செருமானியர் பிரிட்சு சிலைசர் பின்னர் அதை விலைக்கு வாங்கினார். 1972 இல் நேர்ந்த தீ விபத்தில் அச்சகம் அழிந்தது.

கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் தேவை. படத்தைக் கல்லின் மீது இடவலம் மாற்றி வரைய வேண்டும். பின்னர் ஒரே தாளை ஒவ்வொரு கல்லின் மீதும் சிறிதும் பிசகாமல் பொருத்தி அச்சிட வேண்டும். இவ்வாறு பெறும் படத்துக்கு எண்ணெய் ஓவியம் போன்ற மெருகு இருந்ததால் ‘ஓலியோகிராப்’ எனப்பட்டது. அரண்மனைக்கு வெளியே உள்ளவர் காண முடியாத ஓவியங்கள் இதனால் எளிய வீடுகளின் சுவருக்கு வந்தன. கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டிருந்த மக்களும் தெய்வ உருவங்களை வீட்டில் வைத்து வழிபட இவை உதவின.

மூல ஓவியமும் அச்சுப்படமும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. அச்சுப்படங்களில் பெரும்பாலும் கீழ் விளிம்பில் படத்தின் பெயரும் அச்சகத்தின் பெயரும் காணப்படும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் நிறம் சிறு புள்ளிகளாகப் பிரியும். எண்ணெய் ஓவியத்தில் தூரிகைத் தடங்களும் நாட்பட்ட வண்ணத்தின் மெல்லிய வெடிப்புகளும் தெரியும். அச்சுப்படத்தின் நிறத்தை வைத்து ஓவியரின் வண்ணத் தேர்வை மதிப்பிடுவது பிழையாகும்.

விமர்சனங்கள்

இரவி வர்மா மறைந்தபோது சுப்பிரமணிய பாரதி ‘ஓவியர் மணி இரவிவர்மா’ என்ற இரங்கற்பாவை இயற்றினார். அதே காலத்தில் ஆனந்த குமாரசாமி, சகோதரி நிவேதிதை முதலியோர் இரவி வர்மாவின் பாணியைக் கடுமையாகக் குறை கூறினர். தெய்வங்களை மேடை நடிகர்களைப் போல ஆக்கிவிட்டார் என்பதும், இந்தியக் கலையின் குறியீட்டு மொழியைக் கைவிட்டு ஐரோப்பிய இயல்புவாதத்தை ஏற்றார் என்பதும் அவர்களின் குற்றச்சாட்டுகள். வங்காளப் பாணி ஓவியர்கள் இப்பார்வையை முன்னெடுத்தனர். அதனால் பல பத்தாண்டுகள் கலை வட்டாரங்களில் இரவி வர்மாவின் மதிப்புக் குறைந்திருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவரைப் பற்றிய புதிய ஆய்வுகள் எழுந்தன.

இராவணனின் தோற்றம் பற்றிய கேள்வி தமிழகத்தில் தனிப்பட்ட பொருள் கொண்டது. இராவணனைத் திராவிடப் பேரரசனாகப் போற்றும் கருத்து 20 ஆம் நூற்றாண்டில் இங்கு வலுப்பெற்றது. புலவர் குழந்தை 1946 இல் வெளியிட்ட ‘இராவண காவியம்’ அதன் முதன்மை இலக்கியம் ஆகும். 1948 இல் அந்நூல் தடை செய்யப்பட்டது; 1971 இல் தடை நீக்கப்பட்டது. கரிய நிற அரக்கன், வெண்ணிறச் சீதை என்ற எதிர்நிலையை நாடகங்களும் நாட்காட்டிப் படங்களும் திரைப்படங்களும் நிலைநிறுத்தின என்றும், அச்சுப்படங்களுக்கும் அதில் பங்குண்டு என்றும் இவ்வழியில் சிந்திப்போர் சுட்டுகின்றனர். மறுபுறம், இராவணனைப் பத்துத் தலை விகாரமாக அன்றி வலிமையும் அழகும் உள்ள மனிதனாகவே இவ்வோவியம் காட்டுகிறது என்பதும் கருதத்தக்கது.

தாக்கம்

அச்சுப்படங்கள் வழியாகப் பரவிய இப்பாணி, பின்னர் தென்தமிழ்நாட்டு நாட்காட்டிக் கலையாக வளர்ந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராசு (1898–1976) இதன் முன்னோடி. நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து பழகிய இவரும் இவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி எங்கும் பரவின. மதுரை, திண்டுக்கல் பகுதிகளின் வீடுகளிலும் கடைகளிலும் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்பட்ட படங்களில் இம்மரபைக் காணலாம். இதே பகுதிகளில் பல இரவுகள் தொடர்ந்து இராமாயணத்தை நிகழ்த்திய தோற்பாவைக் கூத்து, இராவணனைப் பக்கவாட்டுத் தோற்றமுள்ள பாவையாகக் காட்டியது. அச்சுப்படம் பரவியபின் மக்கள் மனத்தில் இருந்த இராவணன் முன்னோக்கித் திரும்பிய, தசைப்பற்றுள்ள மனிதனானான்.

பாதுகாப்பு

சகன்மோகன் அரண்மனை 1861 இல் கட்டப்பட்டது. 1915 முதல் ஓவியக் கூடமாக விளங்குகிறது. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டத்தின் கீழ், இரவி வர்மாவின் ஓவியங்கள் 1979 இல் நாட்டின் கலைக்கருவூலங்களாக அறிவிக்கப்பட்டன. எனவே அவற்றை இந்தியாவுக்கு வெளியே விற்கவோ நிரந்தரமாகக் கொண்டுசெல்லவோ இயலாது. வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறி வரும் தென்னிந்தியத் தட்பவெப்பத்தில், துணி சுருங்கி விரிவதால் எண்ணெய் வண்ணம் வெடித்து உதிரும் இடர் எப்போதும் உண்டு. அச்சுப்படங்கள் ஆயிரக்கணக்கில் எஞ்சியிருந்தாலும், ஓவியரின் கை பட்ட துணி ஒன்றே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- இராசா இரவி வர்மா
- சடாயு
- கம்பராமாயணம்
- தஞ்சாவூர் ஓவியப் பாணி
- பீட்டர் பால் ரூபன்சு
- கொண்டையராசு

பகுப்பு: இந்திய ஓவியங்கள்
பகுப்பு: இரவி வர்மாவின் ஓவியங்கள்
பகுப்பு: இராமாயணம்